ஒரு பாட்டுக்கு அரசாங்கம் பயப்படுமா?

கேள்வி: நிறவெறிக்கு எதிரா பாட்டு பாடியே போராடினாங்கன்னு சொல்றாங்களே, துப்பாக்கி வச்சிருக்கிற அரசாங்கம் பாட்டுக்கெல்லாம் அசையுமா சார்?
- வாசகர், திருச்சி

பதில்: பாட்டு மட்டும் பாடி எந்த ஆட்சியும் கவுந்ததில்லைங்க, ஆனா பயந்திருக்காங்க, அதுக்கு சாட்சி இருக்கு. தென்னாப்பிரிக்காவுல வுயிசிலே மினினு ஒருத்தர், போர்ட் எலிசபெத் ஊர்ல தொழிற்சங்கம் கட்டினவர், அடிவயித்துல இருந்து வர்ற கனமான குரல் அவருக்கு. அப்போ பிரதமர் வெர்வூர்ட், நிறவெறிச் சட்டங்களுக்கு மூளையா இருந்த ஆளு. அந்தாள பேர் சொல்லியே கூப்பிட்டு, கருப்பு மனுஷன் வர்றான், ஜாக்கிரதையா இருந்துக்கோன்னு ஹோசா மொழியில பாட்டு கட்டிட்டார் மினி. மெட்டைக் கேட்டா மிரட்டல் மாதிரியே இருக்காது, ஆடத் தோணும். ஒருத்தர் எடுத்துக் கொடுக்க கூட்டம் மொத்தமும் திருப்பிப் பாடும், வாத்தியம் வேணாம், மைக் வேணாம், ரெக்கார்டு கூட வேணாம், அப்புறம் எதைப் பறிமுதல் பண்றது?

நாசவேலை, போலீசுக்குத் துப்பு சொன்ன ஒருத்தர் கொலையில பங்குன்னு வழக்கு போட்டு மினிக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தாங்க. கூடப் போராடின வில்ட்டன் ம்க்வாயிக்கு எதிரா சாட்சி சொன்னா உயிர் தப்பலாம்னு ஆசை காட்டியும் பாத்தாங்க, மனுஷன் முடியாதுன்னுட்டார். 1964 நவம்பர் 6, பிரிட்டோரியா சிறையில தூக்குமேடைக்குப் போறப்பவும் அவர் பாடிட்டே போனதா அந்தச் சிறையில இருந்தவங்க சொல்லியிருக்காங்க. இதைப் படிக்கிறப்பல்லாம் எனக்கு தொண்டை அடைச்சுக்கும்.

சரி, பயந்தாங்கன்னு எப்படி சொல்றேன்னா, அந்த நாட்டுப் பாடகி மிரியம் மக்கேபாவைப் பாருங்க. 1960ல அம்மா சாவுக்கு வெளிநாட்டுல இருந்து ஊர் திரும்பக் கிளம்பினப்ப அவங்க பாஸ்போர்ட்டை ரத்து பண்ணிட்டாங்க, 1963ல ஐ.நா.வுல போய் நிறவெறியைப் பத்திப் பேசினதும் அவங்க ரெக்கார்டுகளுக்கே நாட்டுல தடை. பாடுறவங்களக் கண்டு பயமில்லாட்டி இவ்ளோ எதுக்கு? ஆனா தடுக்க முடிஞ்சுதா? மினியைத் தூக்குல போட்ட அடுத்த வருஷமே அமெரிக்கப் பாடகர் ஹாரி பெலஃபான்டே கூடச் சேர்ந்து மக்கேபா போட்ட ஆல்பத்துல அதே வெர்வூர்ட் பாட்டு வந்துச்சு, அந்த ஆல்பம் கிராமி விருதும் வாங்கிருச்சு. ஒரு சங்கத் தொழிலாளி கட்டின பாட்டை அவங்க நாட்டு ரேடியோ போடலன்னாலும் உலகம் கேட்டுச்சு. யூடியூப்ல இருக்கு, மொழி புரியலன்னாலும் ஒருதரம் கேளுங்க, வெர்வூர்ட் பேர் வர்ற இடம் மட்டும் நல்லாவே புரியும்.