பூங்கா இடத்தில் உரக்கூடம்: வழக்குக்கு முன் கோயிலை யோசியுங்கள்

கேள்வி: எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கு விட்ட இடத்தில் நகராட்சி குப்பை உரக்கூடத்துக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டது. கவுன்சிலர் அவமரியாதையாகப் பேசுகிறார். சாக்கடை தூர்வாரி மூன்று வருடம் ஆகிறது. வெறுத்துப்போய்ச் சொத்து வரி கட்டுவதையே நிறுத்திவிட்டோம். அதே இடத்தின் மூலையில், 2014-ல் நாங்கள் கட்டிய பிள்ளையார் கோயிலில் கூடி, வழக்குப் போட முடிவெடுத்திருக்கிறோம். ஜெயிப்போமா?

பதில்: கவுன்சிலர் பேச்சும் சாக்கடையும் இந்த வழக்கில் எடுபடாது. நகர் ஊரமைப்பு இயக்ககம் (டிடிசிபி) ஒப்புதல் தந்த மனை வரைபடத்தில் அந்த இடம் பூங்கா என்று இருக்கிறதா, மனை போட்டவர் அதை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிந்து கொடுத்தாரா என்பதுதான் கேள்வி. வரைபட நகலும் வில்லங்கச் சான்றும் வாங்கிப் பாருங்கள். இரண்டிலும் இருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியது செல்லாது என்றும், அதை எதிர்க்க அந்தப் பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்றும் பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உரக்கூடம் பொதுச் சேவை என்று நகராட்சி வாதாடும். ஆனாலும் பூங்கா பூங்காதான்.

எனக்குக் கவலை உங்கள் கோயிலைப் பற்றித்தான். பொதுப் பூங்காக்களிலும் சாலைகளிலும் அனுமதியில்லாமல் புதிதாக வழிபாட்டுத் தலம் கட்டவே கூடாது என்று 29.9.2009 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நீங்கள் கட்டியது அதற்குப் பிறகு. 'பூங்கா இடத்தில் எதுவும் கட்டக் கூடாது' என்று நீங்கள் ரிட் (அரசு அமைப்புகளுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போட்டால், நகராட்சியின் பதில் மனுவில் உங்கள் கோயிலின் போட்டோதான் முதலில் இருக்கும். அப்புறம் சர்வேயர் வருவார். 'எல்லா ஆக்கிரமிப்பையும் அகற்று' என்று ஒரே வரியில் உத்தரவு வரும். அதில் கோயிலும் போகும், சங்க அலுவலகம் இருந்தால் அதுவும் போகும், வீட்டு வாசலில் ரோட்டுக்கு நீட்டிய சாய்தளமும் போகும். இப்படி வழக்கில் ஜெயித்துவிட்டு, பொக்லைன் வந்த அன்று கோயில் வாசலில் நின்று அழுத மனுதாரர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. உத்தரவைக் கேட்டு வாங்கியதே அவர்கள்தான்.

சொத்து வரியை வட்டியோடு நாளைக்கே கட்டுங்கள். பாக்கியை வைத்துக்கொண்டு ரிட் போட்டால், முதல் நாளே எதிர்த்தரப்பு அதைத்தான் எடுத்துக் காட்டும்.

என் யோசனை, சமரசம். அஸ்திவார நிலையில் இருக்கும்போதே ஆணையரைப் பாருங்கள். சுவர் எழும்பிவிட்டால் 'இவ்வளவு நாள் ஏன் சும்மா இருந்தீர்கள்' என்று நீதிமன்றமே கேட்கும். ஊர்வலமாகப் போகாமல் நான்கு பேர் மட்டும் வரைபடத்தோடு போங்கள். பக்கத்தில் வேறு நகராட்சி இடம் இருந்தால் சர்வே எண்ணோடு காட்டிக் கேளுங்கள். கவுன்சிலர் வாய்வார்த்தையை நம்பி எழுந்து வராதீர்கள், நகர்மன்றத் தீர்மானமாக வர வேண்டும். கோயிலையும் நீங்களே யாராவது ஒருவரின் சொந்த மனைக்கு மாற்ற முடியுமா என்று பேசுங்கள். கசப்பாகத்தான் இருக்கும், தெரியும். கோயிலை மாற்றிய பிறகும் நகராட்சி இறங்கி வராவிட்டால், தயங்காமல் வழக்குப் போடுங்கள்.