மாமனாரும் நாலு வருஷ மால்ட்டும்

கேள்வி: இங்கே ஒரு சின்ன டிஸ்டில்லரியின் 4 வருட சிங்கிள் மால்ட் விஸ்கியை ஆசையாக வாங்கி வந்தேன். “12 வருஷம் ஆகாதது மால்ட்டே இல்லை மாப்பிள்ளை, உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க” என்கிறார் மாமனார். எனக்கும் முதல் வாய் காரமாகத்தான் இருந்தது. அவர் சொல்வது சரியா?
- ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் மாமனார் ஸ்காட்லாந்துக்காரராக இருந்தாலும் பாதிதான் சரி. சிங்கிள் மால்ட் என்பது ஒரே டிஸ்டில்லரியில் முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி. அங்கேயே சட்டம் கேட்பது ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 வருடம்தான். அங்கே ஐலா தீவில் 2005-ல் தொடங்கிய கில்ஹோமன் என்ற சின்ன டிஸ்டில்லரி, 2009-ல் தன் முதல் சிங்கிள் மால்ட்டை 3 வயதில்தான் விற்றது. வாங்கியவர்கள் ஏமாளிகள் இல்லை.

பெங்களூரில் கணக்கே வேறு. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போவதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். ஸ்காட்லாந்துத் தேவதைகளுக்கு வருடத்துக்கு 2 சதவீதம் போதும். நம் ஊர்த் தேவதைகள் 10, 12 கேட்கிறார்கள். (இங்கே யார்தான் குறைவாகக் கேட்கிறார்கள்!) சூட்டில் சரக்கு மரத்தின் சாரத்தையும் சீக்கிரம் இழுத்துக்கொள்ளும். மாமனார் சொல்லும் 12 வருடம் இங்கே வைத்தால் பீப்பாயில் கால்வாசி மிஞ்சினாலே பெரிது. அதுவும் மரக்கஷாயமாக இருக்கலாம். 2004-ல் கிளாஸ்கோவில் அறிமுகமான நம் பெங்களூர் அம்ருத் சிங்கிள் மால்ட் பெயர் வாங்கியதும் இளவயதில்தான்.

அதற்காக இளசெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. பீப்பாயில் பணம் முடங்கிக் கிடந்தாலும் வட்டி காத்திருக்காது. அவசரப்பட்டுப் பாட்டிலில் அடைப்பவர்களும் உண்டு. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கேரமல் சேர்க்க ஸ்காட்லாந்திலேயே அனுமதி இருக்கிறது. மூக்கை நம்புங்கள். வாய் குறுகிய கிளாஸில் ஒரு ஸ்மால் ஊற்றி, கொஞ்ச நேரம் விட்டு, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். பேரிக்காய், ஊறிய தானியம், ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்த வாசனை (அதிலும் முளைகட்டிய பார்லிதானே) வந்தால் அது வயசுக்கோளாறு, தப்பில்லை. நெயில் பாலிஷும் பஞ்சர் ஒட்டும் பசையும் மட்டுமே அடித்தால், உங்கள் காசு போச்சு.

அப்புறம் அந்தக் காரம். லேபிளில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். நம் நாக்கு 42.8 சதவீதத்துக்குப் பழகியது. இதில் 46-ஓ 50-ஓ இருந்தால், வயதைக் குறை சொல்லாமல் அரை டீஸ்பூன் தண்ணீர் விட்டுப் பாருங்கள். காரம் அடங்கி மணம் எழும். ஐஸ் வேண்டாம், இருக்கிற மணத்தையும் அமுக்கிவிடும்.

ஒன்று கேட்கிறேன்: மாமனார் வழக்கமாக சோடாவில் கலக்கும் சரக்கின் வயதை என்றைக்காவது விசாரித்தாரா? இந்தியாவில் விஸ்கி என்று விற்பதில் பலவும் சர்க்கரை ஆலை மொலாசஸிலிருந்து (கரும்புக் கழிவுப் பாகு) வந்த ஸ்பிரிட். அதன் லேபிளில் வயதைத் தேடினால் கிடைக்காது. சரி, சண்டை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைக் காட்டாமல் அவருக்கு ஒரு ஸ்மால் ஊற்றிக் கொடுங்கள். பிடித்திருந்தால் வயதைச் சொல்லலாம். சொல்லாமலே இருந்துவிட்டால் குடும்பத்துக்கு நல்லது.