வெள்ளக்கால முன்னேற்பாடு என்பது அரிசியும் மெகி நூடல்ஸும் வாங்கி அடுக்குவதுதானா?

அவசரகால முன்னேற்பாடு என்பது, உதவி வந்து சேரும்வரை, ஏறத்தாழ மூன்று நாளுக்கு, மின்சாரமும் குழாய்நீரும் இல்லாமலேயே ஒரு குடும்பம் சமாளிக்கும்படி வீட்டை ஆயத்தமாக வைத்திருப்பதாகும். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள சிகாமட் போன்ற தோட்டப்புற ஊர்களில் நவம்பர் பிறந்ததும் பலரும் அரிசியையும் மெகியையும் வாங்கி அடுக்குகிறார்கள். அவற்றை வேகவைப்பதற்கான நீரை நினைப்பவர்கள் குறைவு.

ஊரே தண்ணீரில் மிதக்கும்போது குழாய் வறண்டுவிடும் என்பதை மனம் எளிதில் ஏற்பதில்லை. ஆனால் வெள்ளம் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் புகுந்தாலோ, ஆற்றுநீர் அளவுக்கு மீறிக் கலங்கினாலோ, அந்நிலையத்தை நிறுத்த நேரிடும்; துணை மின்நிலையம் மூழ்கினால், மின்தாக்குதலைத் தவிர்ப்பதற்காக மின்சாரத்தையும் துண்டித்துவிடுவார்கள். ஆகவே, ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம், ஐவர் வாழும் வீட்டில் மூன்று நாளுக்கு 60 லிட்டர் நீர் மூடிய கலன்களில் இருப்பது நல்லது. இலை போட்டு ஆட்களை உட்காரவைத்த பிறகு எந்தக் கோயில் அன்னதானத்திலும் அரிசி களையத் தொடங்குவதில்லை அல்லவா?

மைகார்டு (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், அன்றாட மருந்து ஆகியவற்றை நீர்புகாத ஒரே பையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். (பத்திரங்களை அலமாரியின் அடித்தட்டில், புடவைகளுக்குக் கீழே வைப்பது நம் வீடுகளின் வழக்கம், முதலில் நனைவதும் அந்தத் தட்டுதான்.)

வெள்ளநீரைக் கொதிக்கவைத்தால் குடிக்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். கொதிப்பு கிருமிகளைக் கொல்லுமே தவிர, செம்பனைத் தோட்டங்களிலிருந்து அடித்துவரப்படும் களைக்கொல்லியையோ, மூழ்கிய வாகனங்களிலிருந்து கசியும் டீசலையோ அகற்றாது.