பழைய மினியை விற்கும் முன்

கேள்வி: பிரிட்டனில் வசிக்கிறோம். 1965ஆம் ஆண்டு மினி கார், நன்றாகப் பராமரித்தது. விற்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் துரு. வாங்க வருபவர் குனிந்து பார்ப்பது கதவுக்குக் கீழுள்ள சில் பகுதியையும் பின் சக்கரங்களைத் தாங்கும் சட்டமான சப்ஃப்ரேமையும்தான். சேறும் தண்ணீரும் தங்கி உள்ளிருந்தே அரிக்கும் இடங்கள் அவை. புதுப் பெயின்ட் அடித்து மறைத்தால் சந்தேகம்தான் வரும். அடிப்பக்கத்தைப் படமெடுத்துக் காட்டுங்கள். எஞ்சினை முன்கூட்டியே சூடாக்காதீர்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதைப் பார்த்தால்தான் நம்புவார்கள்.

சேஸி எண் வி5சி எனும் வாகனப் பதிவு ஆவணத்தோடு பொருந்த வேண்டும். மினியின் வேகமான வகையான கூப்பர் மாடல் என்றால் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஹெரிட்டேஜ் சான்றிதழையும் (தயாரிப்புப் பதிவேட்டின்படி காரின் விவரம் சொல்வது) வாங்கிவிடுங்கள், ஏனென்றால் போலிகள் அதிகம். 40 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யாத காருக்கு எம்.ஓ.டி. எனும் ஆண்டுத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை, ஆனாலும் செய்து வைத்தால் பேரம் குறையும். விற்ற அன்றே வாகனப் பதிவு அமைப்பான டி.வி.எல்.ஏ.வுக்குத் தெரிவியுங்கள்.