பையன் கேமில் கட்டிய பணம் திரும்ப வருமா? நுகர்வோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் செல்போன் பற்றியவை. மற்றவற்றை அடுத்த வாரம் பார்க்கலாம்.

கேள்வி: என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். ஹோம்வொர்க் பார்க்கிறேன் என்று என் போனை வாங்கிக்கொள்வான். போன வாரம் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டபோதுதான் தெரிந்தது, ஒன்பது நாளில் 8,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. 89, 449, 799 என்று சின்னச் சின்னத் தொகைகள். கேமுக்குள் காசு மாதிரி செலவழிக்கும் 'டைமண்ட்' வாங்கினானாம். ஓடிபி என் போனுக்கே வருவதால் அவனே போட்டுவிட்டு மெசேஜையும் அழித்திருக்கிறான். அவன் அப்பா அடித்துவிட்டார். இரண்டு நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை. பணம் திரும்ப வருமா?
– வாசகி, ஈரோடு

பதில்: முதலில் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள் அம்மா. அடிக்குப் பயந்த பிள்ளை பாதியை மறைக்கும். பணம் எந்த வழியாகப் போனது என்று அவன் வாயால் சொன்னால்தான் உங்களால் அடுத்த அடி எடுத்து வைக்க முடியும். வழி மூன்று இருக்கிறது, மூன்றுக்கும் தீர்வு வேறு வேறு.

கேமுக்குள்ளேயே பட்டனை அழுத்தி, பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, பேமென்ட்ஸ் பகுதிக்குள் போனால் வாங்கியவை எல்லாம் தேதியோடு வரிசையாக இருக்கும். மெசேஜை அழித்தாலும் அது அழியாது. அப்புறம் கூகுள் பிளே இணையதளத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனித்தனியாக ரீஃபண்ட் கேளுங்கள். காரணம் கேட்கும் இடத்தில் 'குடும்பத்தினர் என் சம்மதம் இல்லாமல் வாங்கியது' என்ற பொருளில் ஒரு வரி இருக்கும், அதையே தேர்ந்தெடுங்கள். வாங்கி 48 மணி நேரத்துக்குள் என்றால் எளிது. அது தாண்டியவற்றுக்கு கேம் கம்பெனிக்கும் தனியாக மெயில் எழுத வேண்டும். பையனின் வயது, பிறப்புச் சான்றிதழ் நகல், ஆர்டர் எண்கள் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிளிலும் இதே மாதிரி ரீஃபண்ட் கேட்கும் பக்கம் உண்டு.

கேமுக்கு வெளியே வேறொரு இணையதளத்தில் கட்டியிருந்தால் அந்தத் தளத்திடம்தான் கேட்க வேண்டும். இழுபறியாக இருக்கும். மூன்றாவது வழிதான் மோசம். கேம் சாட்டில் பழகிய யாரோ ஒருவர் 'பாதி விலைக்கு டைமண்ட் தருகிறேன்' என்று யுபிஐ-யில் பணம் வாங்கியிருந்தால் அது மோசடி. ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர். அப்படிச் செய்த ஒப்பந்தம் செல்லாது என்று அப்போது இந்தியாவுக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1903-லேயே கல்கத்தா வழக்கு ஒன்றில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது, ஓடிபி-யும் உங்கள் எண்ணுக்கு வந்தது. கம்பெனி அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அதனால் 'யாரோ திருடிவிட்டார்கள்' என்று பேங்கில் எழுதிக் கொடுக்காதீர்கள். உண்மையை உள்ளபடி எழுதுங்கள், அதுதான் உங்களுக்குப் பலம்.

கம்பெனி பதில் தராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அதுவும் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

உங்கள் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 449 ரூபாய் என்று கேட்டால் அவனும் யோசித்திருப்பான். திரையில் அவனுக்குத் தெரிந்தது டைமண்ட். ரூபாயை டைமண்டாக மாற்றிவிட்டால் பெரியவர்களுக்கே கணக்குத் தப்பும், பதினொரு வயதுக்கு என்ன தெரியும்? வாங்குபவரை ஏமாற்றித் தூண்டும் திரை வடிவமைப்புகள் 13 வகையை முறையற்றவை என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டது. பிள்ளைகள் விளையாடும் கேம்களில் அதைக் கண்டிப்பாக அமல்படுத்த வேண்டும் என்பது என் கருத்து.

இன்று ராத்திரியே மூன்று வேலை செய்துவிடுங்கள். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டோ கைரேகையோ கேட்கும்படி மாற்றுங்கள். சேமித்து வைத்த கார்டை நீக்குங்கள். யுபிஐ லைட் இருந்தால் மூடிவிடுங்கள், அதில் சின்னத் தொகைக்கு பின் நம்பர் கேட்காது.

கேள்வி: மகள் ஒன்பதாம் வகுப்பு. டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு பஸ்ஸில் வருகிறாள், ஒரு போன் அவசியம். அவள் 20,000 ரூபாய் போனைக் காட்டுகிறாள். என்ன வாங்கலாம்? ஜிபிஎஸ் வாட்ச் வாங்கினால் போதுமா?
– வாசகர், மதுரை

பதில்: தேவை என்ன என்று நீங்களே எழுதிவிட்டீர்கள்: எட்டு மணிக்கு அவள் குரல் கேட்க வேண்டும். அதற்கு 4ஜி பட்டன் போன் போதும். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் நோட்ஸ் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வருகிறது என்பதும் உண்மை. அந்தக் குரூப்பை உங்கள் போனில் வைத்துக்கொண்டு, வீட்டில் கூடத்தில் உட்கார்ந்து அவள் பார்க்கட்டும். ஒரு வருடம் இப்படி ஓடட்டும். சிம் உங்கள் பெயரில்தான் வாங்க முடியும், 18 வயதுக்குக் கீழ் சிம் தரக்கூடாது என்பது விதி.

இல்லை, ஸ்மார்ட்போன்தான் என்று முடிவெடுத்தால் மாடலைப் பற்றிக் கவலைப்படுவதை விட, அதை எப்படிக் கையில் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனம் வையுங்கள். பெட்டியைப் பிரித்ததும் அவள் கையில் கொடுத்துவிடாதீர்கள். அவளுடைய சரியான பிறந்த தேதியைக் கொடுத்து கூகுள் கணக்கு தொடங்கி, ஃபேமிலி லிங்க் ஆப்பில் உங்கள் போனோடு இணையுங்கள். எந்த ஆப் போட்டாலும் உங்களிடம் அனுமதி கேட்கும்படி வைக்கலாம், ராத்திரி நீங்கள் வைத்த நேரத்தில் பூட்டிக்கொள்ளும். இதை அவளுக்குத் தெரிந்தே, அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ஒளித்துவைத்து வேவு பார்க்கும் ஆப்களுக்குக் காசு கட்டாதீர்கள். ஒருநாள் அவள் கண்டுபிடிப்பாள், அதற்குப் பிறகு எதையும் உங்களிடம் சொல்ல மாட்டாள்.

பழைய போன் வாங்குவதாக இருந்தால் என் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். அக்கா மகனுக்கு ஒரு கடையில் செகண்ட் ஹேண்ட் போன் வாங்கினோம். கடையில் நன்றாகத்தான் ஓடியது. வீட்டுக்கு வந்து ரீசெட் செய்ததும் 'முந்தைய கணக்கின் பாஸ்வேர்டைக் கொடு' என்று ஒரே திரையில் நின்றுவிட்டது. பழைய சொந்தக்காரர் தன் கணக்கை நீக்காமலே விற்றிருக்கிறார். கடைக்காரர் பில் இல்லை என்று கையை விரித்துவிட்டார், 6,500 ரூபாய் போயே போனது. அதனால் கடையிலேயே, உங்கள் கண் முன்னாலேயே ரீசெட் போடச் சொல்லி, உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். *#06# அழுத்தினால் அந்த போனுக்கே உரிய அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, அப்புறம் அந்த எண் என்று 14422-க்கு மெசேஜ் அனுப்பினால், அது திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். ஐஎம்இஐ எண் எழுதிய பில் இல்லாமல் படி இறங்காதீர்கள்.

வாட்ச் வேண்டாம் என்பேன். சுற்றியுள்ள பேச்சை ரகசியமாகக் கேட்கும் வசதி இருந்ததால் அந்த வகைக் குழந்தைகள் வாட்சுகளை ஜெர்மனி 2017-லேயே தடை செய்தது. பெயர் தெரியாத கம்பெனியிடம் பெண் பிள்ளை எங்கே நிற்கிறாள் என்ற தகவலைக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்கு வந்து டெமோ காட்டி, டேப்லெட்டும் இரண்டு வருடப் பாடமும் என்று கையெழுத்து வாங்கினார்கள். மாதத் தவணை என்றார்கள். இப்போது பார்த்தால் என் பெயரில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் லோன். பையன் அதைத் தொடுவதே இல்லை. தவணையை நிறுத்திவிடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: நிறுத்தாதீர்கள். கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று பேங்குகள் பார்க்கும் சிபில் ஸ்கோர் அடிவாங்கும், நாளைக்குப் பையன் படிப்புக்கே லோன் கிடைக்காமல் போகலாம். முதலில் பாட கம்பெனிக்கும் ஃபைனான்ஸுக்கும் ஒரே நாளில், ஒரே மெயிலில், ரத்து செய்யச் சொல்லி எழுதுங்கள். டெமோவின்போது லோன் என்று சொல்லவில்லை என்பதைத் தெளிவாகக் குறிப்பிட்டு, வட்டி விவரம் எழுதிய தாளையும் கேளுங்கள். டிஜிட்டல் லோன் என்றால், எடுத்த பிறகு அபராதம் இல்லாமல் வெளியேற ஒரு குறுகிய அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைச் சொன்னார்களா என்று கேளுங்கள். ஃபைனான்ஸ் 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பாட கம்பெனி மேல் நுகர்வோர் ஆணையத்தில் தனியாகப் புகார் கொடுக்கலாம்.

தவணை தானாகக் கழியும் ஏற்பாட்டைத் தவிர்க்கும்படி மத்திய கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோரை எச்சரித்தது. இனி யாராவது டெமோவுக்கு வந்தால் பான் கார்டு, ஓடிபி இரண்டும் கேட்ட நிமிடத்திலேயே அது லோன் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'வீட்டில் கலந்து பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்' என்று அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைன் கிளாஸ் பார்க்கும் மகளுக்கு, திரையின் நீல ஒளியைத் தடுக்கும் 'ப்ளூ கட்' கண்ணாடி வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். கூடுதலாக 900 ரூபாய். தேவையா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தேவையில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பு 2023-ல் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்தக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடியை விடக் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை. பவர் இருக்கிறதா என்று கண் டாக்டரிடம் காட்டுங்கள், இருந்தால் சாதாரணக் கண்ணாடியே போதும். சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் அவளை வெளியே விளையாட அனுப்புங்கள். வெளிச்சத்தில் நேரம் கழிக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த 900 ரூபாயில் ஒரு ஷட்டில் பேட் ஜோடி வாங்கிக் கொடுக்கலாம்.