கமிஷனர் ‘நினைத்தால்’

கேள்வி: என் கைப்பேசியைப் பறித்துக்கொண்டு ஓடியவர்கள் மீது புகார் கொடுத்தேன். காவல் நிலையத்தில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கமிஷனர் அலுவலகத்தில் மனு கொடுத்தால், அது சுற்றிக்கொண்டு அதே நிலையத்துக்கே வந்து சேர்ந்தது. சென்னை போலீஸ் கமிஷனர் நினைத்தால் இந்த ரவுடிகளை ஒரே நாளில் உள்ளே தள்ள முடியாதா? அவருக்கு அதிகாரம் இல்லையா, மனம் இல்லையா?
– வாசகி, வடசென்னை

பதில்: அதிகாரம் தாராளமாகவே இருக்கிறது. மாவட்டத்து எஸ்.பி. ஒருவர் துப்பாக்கி உரிமத்துக்கும் குண்டர் சட்டக் காவலுக்கும் கலெக்டரின் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டும். சென்னையிலோ அந்தக் கையெழுத்தும் ஆணையருடையதே. 1888 ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டத்தில் 41 ஆவது பிரிவு, ஊர்வலத்தையும் பொதுக்கூட்டத்தையும் 15 நாட்கள் வரை தடை செய்ய அவருக்கு இடம் தருகிறது. அதற்கு மேல் தடை நீடிக்க அரசின் ஒப்புதல் வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், ஒரு 15 முடிந்ததும் புதிதாக இன்னொரு 15 என்று உத்தரவுகள் வருவதை நாளிதழ் படிக்கிறவர்கள் கண்டிருப்பார்கள். (வெள்ளைக்காரன் தன் வசதிக்கு எழுதிய சட்டம் நமக்கும் வசதியாகப் போய்விட்டது.)

ஆனால், உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது ‘நினைத்தால்’ என்ற சொல். ஆணையர் நினைப்பது போதாது என்றுதான் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. 1982 ஆம் ஆண்டின் 14 ஆவது சட்டத்தின்படி, அதாவது நாம் குண்டர் சட்டம் என்று அழைக்கும் சட்டத்தின்படி, ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்க அவர் உத்தரவிடலாம். ஆனால் 12 நாட்களுக்குள் அரசு அதை ஏற்க வேண்டும், மூன்று வாரங்களுக்குள், காவல் சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்தின் முன் வைக்க வேண்டும், காவலுக்கான காரணங்களையும் ஆவணங்களையும் கைதிக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். இங்கேதான் சறுக்கல். ஆவணக் கட்டில் ஒரு பக்கம் படிக்க முடியாத நகலாக இருந்தது, ஆங்கில உத்தரவு ஒன்றுக்குத் தமிழாக்கம் தரப்படவில்லை என்ற காரணங்களுக்காகவே உயர் நீதிமன்றம் ரத்து செய்த காவல் உத்தரவுகள் ஏராளம். ‘ரவுடியை நீதிமன்றம் விட்டுவிட்டது’ என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறோம். விட்டது நீதிமன்றமல்ல, நகலெடுக்கும்போது எழுத்து தெரிகிறதா என்று பார்க்காத அலுவலகம்.

‘இனி ஒழுங்காக இருப்பேன்’ என்று நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கும் நிர்வாக நடுவர் அதிகாரத்தையும் 2013, 2014 ஆம் ஆண்டுகளின் அரசாணைகள் துணை ஆணையர்களுக்குக் கொடுத்திருந்தன. பிடிப்பவரே தீர்ப்பும் சொல்வது முறையல்ல என்று 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. எனக்கு அது சரியென்றே படுகிறது. உங்கள் கோபம் அதை ஏற்காது என்பதும் தெரிகிறது.

இனி உங்கள் கைப்பேசி. பறிப்பு, பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றம். அத்தகைய குற்றம் புகாரிலேயே தெரியும்போது முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தாக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 இலேயே சொல்லிவிட்டது, சி.எஸ்.ஆர். ரசீது அதற்கு மாற்று ஆகாது. ஒரு நிலைய அதிகாரிக்குள்ள அதிகாரம் அத்தனையும் அவருக்கு மேலுள்ளவர்களுக்கும் உண்டு என்பதால், மனுவைக் கீழே தள்ளிவிடாமல் ‘வழக்குப் பதிவு செய்து தெரிவிக்கவும்’ என்று எழுதுவது ஆணையரின் பெருந்தன்மை அல்ல, அவருடைய வேலை. குண்டர் சட்ட உத்தரவில் காட்டும் வேகத்தில் பாதியை இந்த ஒரு வரிக்குக் காட்டினால், நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

நீங்கள் அடுத்துப் போக வேண்டிய இடம் ஆணையர் அலுவலகமல்ல. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4) பிரிவு, பதிவு செய்ய மறுக்கப்பட்ட புகாரின் சாரத்தை எழுத்து மூலமாகத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்பச் சொல்கிறது. சென்னையில் அந்த நிலையில் இருப்பவர் உங்கள் பகுதியின் துணை ஆணையர். அங்கும் அசைவில்லை என்றால் அதே பிரிவின்படி நடுவர் நீதிமன்றத்தை அணுகலாம். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்புங்கள், சி.எஸ்.ஆர். ரசீதின் நகலையும் இணையுங்கள், எண்ணும் தேதியும் தெளிவாகத் தெரியும்படி.