சொல்வதைக் கேட்காதீர்கள், செய்வதைப் பாருங்கள்

கேள்வி: மருத்துவரைச் சந்திக்க முன்பதிவு செய்யும் செயலி ஒன்றை உருவாக்கினோம். நண்பர்கள் நாற்பது பேரிடம் காட்டினோம். எல்லோரும் ‘எளிதாக இருக்கிறது’ என்றார்கள். வெளியிட்ட பிறகோ பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். இன்னும் எத்தனை பேரிடம் கருத்துக் கேட்க வேண்டும்? – ஒரு வாசகி

பதில்: ஒருவரிடமும் கேட்க வேண்டாம் அம்மா. ஐந்து பேரின் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள்.

இதே போன்ற ஒரு செயலியை நான் சோதித்தபோது, ஒரு பெரியவர் எல்லாக் கட்டங்களையும் பொறுமையாக நிரப்பினார். ‘சேமி’ என்பதை அழுத்தினார். “முடிந்தது” என்று கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். ஆனால் முடியவில்லை! ‘உறுதிசெய்’ என்ற பொத்தான் திரைக்குக் கீழே ஒளிந்திருந்தது. அவர் திரையைத் தள்ளிப் பார்க்கவே இல்லை. என் விரல் தானாக நீண்டது, அடக்கிக்கொண்டேன். எப்படி இருந்தது என்று கேட்டதற்கு ஐந்துக்கு ஐந்து மதிப்பெண் போட்டார். உங்கள் நாற்பது பேரும் அப்படிப் போட்டவர்கள்தாம்.

வேலையைச் சொல்லும் விதத்திலும் கவனம் வேண்டும். ‘முன்பதிவு செய்யுங்கள்’ என்றால் திரையில் அந்தச் சொல்லைத் தேடி அழுத்திவிடுவார்கள். ‘வியாழன் காலை பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஏற்பாடு செய்யுங்கள்’ என்று சொல்லுங்கள். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ‘இதை அழுத்தலாமா?’ என்று கேட்டால், ‘நான் இங்கே இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?’ என்று திருப்பிக் கேளுங்கள். இந்த மௌனம்தான் இருப்பதிலேயே கடினமான வேலை.

ஏன் ஐந்து பேர்? பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கு அது. ஒருவரைக் கவனித்தால் சராசரியாக 31 சதவீதக் குறைகள் தென்படும். ஐந்தாவது ஆளில் அது ஏறத்தாழ 85 சதவீதமாகிவிடும். ஆறாவது ஆள் பெரும்பாலும் பழைய குறைகளிலேயே தடுக்கி விழுவார். அதனால் திருத்திவிட்டு வேறு ஐந்து பேரை அழையுங்கள். ஆனால் முதியவர்கள், இளைஞர்கள் என்று பயன்படுத்துவோர் வேறுபட்டால் ஒவ்வொரு பிரிவுக்கும் தனியாக ஆள் வேண்டும்.

மேலிடத்துக்கு எண்ணாகக் காட்ட வேண்டுமா? பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்க ஜான் புரூக் 1986-இல் வகுத்த பத்து வாக்கிய வினாத்தாள் இருக்கிறது. சுழியத்திலிருந்து நூறு வரையிலான அதன் மதிப்பெண்ணில் சராசரி 68. அதைச் சதவீதம் என்று படித்துப் பதறாதீர்கள். எங்கே தடுக்குகிறது என்பதை அது சொல்லாது.

நிரல் எழுதியவரை அடுத்த அறையில் அமர்த்தி நேரலையில் பார்க்கச் சொல்லுங்கள். ‘கீழேதானே இருக்கிறது!’ என்று அவர் கத்துவது இங்கே கேட்காதபடி கதவைச் சாத்திவிடுங்கள்.

அந்த நாற்பது நண்பர்களையும் வீணாக்க வேண்டாம். அவரவர் பெற்றோரை அழைத்துவரச் சொல்லுங்கள்.